குவைத்திலிருந்து மாறிய சேனல்

குடிபாலாவில் வேங்கடாசலத்தோடு உட்கார்ந்து ஒரு படத்தை முழுசாகப் பார்த்தவர் யாரும் கிடையாது. கதாநாயகன் வந்து கதவைத் தட்டுவான். திறப்பது யார் என்று தெரிவதற்குள் வேங்கடாசலம் சேனலை மாற்றியிருப்பார். தெலுங்குச் செய்தியில் இரண்டு பேர் கத்திக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அங்கிருந்து தமிழ் காமெடிக்குத் தாவுவார். சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார். ரிமோட் எப்போதும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். அவர் குளிக்கப் போனால் சட்டையோடு சேர்ந்து ரிமோட்டும் ஆணியில் தொங்கும். மனைவி சுந்தராம்பாள் அதை எடுத்து ஒரு பாட்டாவது பார்க்கலாம் என்று நினைத்தால், அவர் குளிக்கிற வேகம் அதற்கு இடம் கொடுக்காது.

மற்றபடி அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சித்தூரில் ஒரு ஆலையில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். யார் வீட்டில் ஃபேன் நின்றாலும் கூப்பிடாமலேயே ஏணியோடு வந்து நிற்பார். எங்கள் குடிபாலா ஆந்திராவில், வேலூர் எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. கேபிள்காரர் ரமணா இரண்டு பாஷைச் சேனலையும் கலந்துதான் கொடுப்பார். அத்தனை சேனலிலும் வேங்கடாசலத்தின் விரலைக் கொஞ்ச நேரமாவது சும்மா இருக்க வைத்தது சித்தூர் லோக்கல் சேனல் ஒன்றுதான். திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை அவர் விடாமல் படிப்பார். தக்காளி மார்க்கெட் விலை, கரண்ட் கட் ஆகும் தெருக்கள், யாருடையோ பதினாறாம் நாள் காரியம், காந்தி ரோட்டில் சேலைத் தள்ளுபடி என்று எல்லாம் அதில் ஓடும். முகம் தெரியாத ஆளின் காரியச் செய்திக்குக்கூட உச்சுக் கொட்டுவார்.

ஆலை மூடியது. மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் இரண்டு சீசன் வேலை பார்த்தார். மாம்பழம் முடிந்தால் வேலையும் முடிந்துபோகும். மகள் அக்ஷயா திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படிக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. குவைத்தில் வேலை பார்த்த ராஜம்பேட்டைக்காரர் ஒருவர், அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏசி மெக்கானிக் வேலை இருப்பதாகச் சொன்னார். வேங்கடாசலம் கிளம்பிப் போனார்.

அவர் போன வருத்தம் சுந்தராம்பாளுக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் ரிமோட் கையில் கிடைத்த சந்தோஷத்தையும் அவர் மறைக்கவில்லை. சாயங்காலம் ஏழரை மணிக்கு ஒரு சீரியல். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா பூ கட்டுகிற நாரும் கூடையுமாக வந்து உட்காருவார். கதாநாயகன் கதவைத் தட்டினால் திறப்பது யார் என்பதை இருவரும் நிதானமாகப் பார்த்தார்கள்.

குவைத்தில் வேங்கடாசலம் தவித்துப்போனார். அறையில் டிவி இருந்தது. அதில் வந்ததெல்லாம் அரபி. செல்போனில் தமிழ்ச் சேனல்கள் கொஞ்சம் கிடைத்தன. ஆனால் சித்தூர் லோக்கல் சேனல் எந்த ஆப்பிலும் இல்லை. வேறு சிலவற்றைத் திறந்தால், உங்கள் நாட்டில் இது கிடைக்காது என்று வந்தது. "எங்க நாட்லதான்டா கெடைக்குது, அத்ததானே கேட்டுக்கினு இருக்கேன்" என்று அவர் போனோடு சண்டை போட்டதாக அதே அறையில் இருந்த ராஜம்பேட்டைக்காரர் பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

அதற்கு வேங்கடாசலம் கண்டுபிடித்த முதல் வழி வீடியோ கால். சுந்தராம்பாள் போனை டிவிக்கு நேராகப் பிடிக்க வேண்டும், அவர் அங்கிருந்து பார்ப்பார். இரண்டு நாளில் சுந்தராம்பாளின் கை வீங்கிவிட்டது. பிறகு போனை டிபன் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலுக்குப் போக ஆரம்பித்தார். அந்த வருஷம் மே மாதம் சித்தூர் கங்கம்மா கோயில் திருவிழாவான ஜாத்திரையை லோக்கல் சேனல் நேரலையாகக் காட்டியது. பாதியிலேயே போன் சரிந்து மல்லாந்துவிட்டது. குழம்பு கொதிக்கிற சத்தத்தில் வேங்கடாசலம் கத்தியது அடுப்படிக்குக் கேட்கவில்லை. ஜாத்திரை முடியும் வரை அவர் வீட்டு சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் போன் செய்து, ஃபேனின் ஒரு இறக்கையில் ஒட்டடை தொங்குவதாகவும் அதைத் துடைக்கும்படியும் சொன்னார். ஜாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னப் பெட்டி வந்தது. அதை வீட்டில் கேபிள் பாக்ஸோடும் இன்டர்நெட்டோடும் இணைத்துவிட்டால், வீட்டு டிவியில் ஓடுவது அப்படியே குவைத்தில் போனில் தெரியும். வேங்கடாசலம் அங்கேயே ஒன்று பழையதாக வாங்கி, லீவில் ஊருக்கு வந்த, பக்கத்து கங்காதர நெல்லூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பேரீச்சம்பழத்துக்கும் சென்ட் பாட்டிலுக்கும் சுந்தராம்பாளுக்கு வாங்கிய மாம்பழ மஞ்சள் சேலைக்கும் நடுவில் அது பத்திரமாக வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்ஷயா திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அப்பா வீடியோ காலில் ஒவ்வொரு ஒயராகச் சொல்லச் சொல்ல அவள் சொருகினாள். ஒரு ஒயரின் முனையில் அவரைக்கொட்டை அளவில் ஒரு கண் இருந்தது. அதைக் கேபிள் பாக்ஸின் முகப்பில் ஒட்டச் சொன்னார்.

"இது எதுக்குடி?" என்று சுந்தராம்பாள் கேட்டார்.

"நைனா அங்கேருந்து பாக்கறதுக்கும்மா" என்றாள் அக்ஷயா.

அது பொய்யில்லை, பாதி உண்மை. அந்தக் கண் வழியாகக் குவைத்திலிருந்து சேனலையும் மாற்றலாம் என்கிற மீதிப் பாதியை அப்பாவும் மகளும் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். கேட்டால் சொல்ல மறந்துவிட்டோம் என்று இன்றைக்கும் இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் சீரியலில் முக்கியமான கட்டம். மாமியார் இத்தனை நாள் பூட்டி வைத்திருந்த அறையை மருமகள் திறக்கப் போகிறாள். சாவி பூட்டுக்குள் போய்விட்டது. பொன்னியம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டார். அப்போது டிவி தானாகத் தெலுங்குச் செய்திக்குத் தாவியது. சுந்தராம்பாள் ரிமோட்டைத் தட்டிவிட்டுத் திரும்பவும் சீரியலை வைத்தார். அது கிரிக்கெட்டுக்குப் போனது. மறுபடியும் வைத்தார். லோக்கல் சேனலில் தக்காளி விலை வந்து நின்றது. அந்த அறைக்குள் என்ன இருந்தது என்பது அன்றைக்குத் தெரியாமலே போய்விட்டது.

பொன்னியம்மாவுக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, மஞ்சள் குங்குமம் தடவி, கேபிள் பாக்ஸின் மேல் வைத்தார். மறுநாளும் அதேதான் நடந்தது. எலுமிச்சம்பழத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டே பாக்ஸ் சேனலை மாற்றியது. சுந்தராம்பாள் ரமணாவைக் கூப்பிட்டார். ரமணா ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டார், பாக்ஸையே மாற்றி அந்தக் கண்ணையும் எதற்கென்று கேட்காமல் புதுசில் ஒட்டினார், கம்பத்தில் ஏறி ஒயரைப் பார்த்தார். "பாக்ஸ் பாகுந்தி, லைன் பாகுந்தி. எல்லாம் நல்லாத்தான் இருக்குது அக்கா" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கண்ணெதிரிலேயே டிவி காமெடிக்குப் போனது. ரமணா எலுமிச்சம்பழத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

சுந்தராம்பாள் பேய்க்குப் பயப்படுகிறவர் இல்லை. அவருக்கு அந்தத் தாவல் எங்கேயோ பார்த்துப் பழகியதாகத் தோன்றியது. செய்தி, காமெடி, கிரிக்கெட், தக்காளி. இருபது வருஷம் இதே வரிசையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் அல்லவா? டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே குவைத்துக்குப் போன் போட்டார்.

வேங்கடாசலம் போனை எடுத்து, சாப்பாடு ஆயிற்றா என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். சுந்தராம்பாள் காதைக் கொடுத்துக் கேட்டார். வீட்டு டிவியில் ஒருவர் மேஜையைத் தட்டிக் கத்தினார். கொஞ்சம் பொறுத்து, போனுக்குள்ளிருந்தும் அதே ஆள் அதே மேஜையைத் தட்டினார்.

"இங்க ஒர்த்தன் கத்தறான். கொஞ்சம் பொறுத்து அதே ஆளு உன்கிட்டயும் கத்தறான். இன்னாய்யா அது?"

"அது எக்கோ, சுந்தரா. டவர் சரியில்ல."

"மாத்தறது நீதானே?"

"நானா? நான் குவைத்ல இல்ல இருக்கேன்" என்றார் வேங்கடாசலம்.

அன்றைக்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது பொன்னியம்மா வீடு வரை கேட்டது. கடைசியில் அவர் அந்தக் கண்ணின் வேலையை ஒப்புக்கொண்டார்; இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சாயங்காலம் சீரியல் நேரம் சுந்தராம்பாளுடையது. மற்ற நேரமெல்லாம் அவருடையது. குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால் என்பதால் அந்த நேரத்தில் அவருக்குப் பெரும்பாலும் டியூட்டி இருக்கும். அதனால் நியாயமாகத்தான் இருந்தது. வேங்கடாசலம் மூன்று நாள் வார்த்தையைக் காப்பாற்றினார். நான்காவது நாள் விளம்பரத்தில் மட்டும் மாற்றிப் பார்த்தார். விளம்பரம் முடிவதற்குள் திருப்பி வைத்துவிடுவது அவர் திட்டம். அதற்குள் மேல்மாடியில் யாரோ ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட, குடிபாலா வீட்டில் குத்துச்சண்டையை ஓடவிட்டுவிட்டு ஸ்பேனரோடு போய்விட்டார்.

சுந்தராம்பாள் அதற்குப் பிறகு போன் செய்து சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் பாக்ஸ்மேல் ஒட்டியிருந்த அந்த அவரைக்கொட்டைக் கண்ணை மெதுவாகப் பிய்த்தெடுத்தார். கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருந்த பெரிய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் முகத்தில் ஒட்டினார். திரும்பப் பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினார். அன்று சாயங்காலமும் டிவி ஒரு தடவை தாவியது. ஒரு பொட்டு போதவில்லை என்று புரிந்துகொண்டு அதன்மேல் இன்னும் இரண்டு ஒட்டினார். அதோடு நின்றது.

வேங்கடாசலம் குவைத்திலிருந்து பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். படம் தெரிந்தது; சேனல் மட்டும் மாறவில்லை. பாக்ஸை நிறுத்திப் போடச் சொன்னார். சுந்தராம்பாள் மறுப்பேதும் சொல்லாமல் நிறுத்திப் போட்டார். ஒயரைப் பிடுங்கிச் சொருகச் சொன்னார். சொருகினார். இருபத்தைந்து வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவருக்குக் கோளாறு பிடிபடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்ஷயா வந்து பார்த்தாள். கண்ணுக்கு அடியிலிருந்து மெரூன் நிறத்தில் ஒரு ஓரம் எட்டிப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கரெக்டாத்தான் இருக்குது நைனா" என்று போனில் சொன்னாள். "அந்தப் பெட்டியே பழசுதானே."

ஆக, சுந்தராம்பாள் பார்ப்பதைத்தான் வேங்கடாசலமும் பார்க்க வேண்டும் என்று ஆனது. சாயங்கால டியூட்டி இல்லாத நாட்களில் முதலில் திட்டிக்கொண்டே பார்த்தார். இந்த மருமகள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் கதை இன்றைக்கே முடிந்துவிடுமே என்றார். ஒரு வாரம் கழித்து, அவள் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று கேட்டார். அதற்கு அடுத்த வாரம் அந்த மாமியாரை அவர் பெயர் சொல்லித் திட்ட ஆரம்பித்தார். டியூட்டி இருக்கிற நாளில் போனை ராஜம்பேட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய், வந்ததும் கதை கேட்டுக்கொள்வார். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ராஜம்பேட்டைக்காரர் சொன்ன கதையில் மாமனாரும் சித்தப்பாவும் இடம் மாறியிருப்பார்கள். அதைச் சரிபார்க்க சுந்தராம்பாளுக்குப் போன் வரும்.

அதுவரைக்கும் அவர்கள் போனில் பேசிக்கொண்டது துன்னியா, மழை பெஞ்சுதா, அக்ஷயா ஃபீஸ் கட்டியாச்சா என்கிற அளவில்தான் இருந்தது. இப்போது சீரியல் முடிந்ததும் மணி அடித்தால் அது குவைத்தாகத்தான் இருக்கும். அந்த அறைக்குள் என்ன இருந்தது என்று தொடங்கி, சுந்தராம்பாளின் நாத்தனார் பீரோவில் என்ன ஒளித்து வைத்திருந்தார் என்பது வரை பேச்சு போகும். ஒரே வீட்டில் இருந்த இருபது வருஷத்தில் இத்தனை பேசவில்லை என்று சுந்தராம்பாள் பொன்னியம்மாவிடம் சொன்னார். பேசுவதற்கு அவர் எங்கே ஒரு இடத்தில் நின்றார் என்று பொன்னியம்மா கேட்டார்.

அடுத்த மே மாதம் வந்தது. இந்தத் தடவை ஜாத்திரைக்குச் சித்தூருக்கே போவது என்று சுந்தராம்பாள் முடிவு செய்தார். அக்ஷயாவுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. லோக்கல் சேனல்காரர்கள் கேமராவை எந்த முனையில் வைப்பார்கள் என்று ரமணாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு பாத்திரக்கடை மாடி என்றார் ரமணா. சுந்தராம்பாள் குவைத்துக்குப் போன் போட்டு, அந்த முனையில்தான் நிற்பேன், மத்தியானத்துக்கு மேலே பார்த்துக்கொண்டே இரு என்று சொன்னார். வேங்கடாசலம் அரை நாள் லீவு போட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் சுந்தராம்பாள் ஒரு காரியம் செய்தார். பூட்டிய வீட்டில் பாக்ஸ் தானாக நின்றுபோனால் அதைத் திரும்பப் போட ஆள் இல்லை. அவர் அங்கிருந்தே போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தார். கண்ணைப் பிய்த்து மூன்று பொட்டையும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டினார். லோக்கல் சேனலை வைத்தார். மாம்பழ மஞ்சள் சேலையை முதல் தடவையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

வேங்கடாசலம் போனை ஸ்டூலில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பம்பைச் சத்தம் கேட்டது. வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாகச் சனம் போய்க்கொண்டிருந்தது. வேஷம் கட்டியவர்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். அவர் தெரிந்த முகங்களைத் தேடினார். பழைய ஆலைக்காரர் ஒருவர் போவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்புறம் விளம்பரம் வந்தது. பழக்க தோஷத்தில் விரல் போய்ப் பொத்தானில் பட்டது. சேனல் மாறிவிட்டது.

இத்தனை மாதம் செத்துக் கிடந்த பொத்தான் உயிரோடு வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. செய்திக்குப் போனார். காமெடிக்குப் போனார். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் நின்றார். ஜாத்திரைக்குத் திரும்பி வந்தபோது கேமரா கோயில் வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னும் அந்த முனைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சுந்தராம்பாள் கூப்பிட்டார். பின்னால் பம்பை அடிக்கிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றார் வேங்கடாசலம்.

"எங்க பக்கம்தான் கேமராவ திருப்பினான், நல்லா கிட்டக்க. நான் இன்னா செஞ்சிக்கினு இருந்தேன், சொல்லு."

அவர் ஒரு நொடிதான் யோசித்தார். "கை ஆட்டினே" என்றார்.

பம்பைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது.

"நான் கை ஆட்டல" என்று சொல்லிவிட்டு சுந்தராம்பாள் போனை வைத்துவிட்டார்.

வேங்கடாசலம் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. இரண்டாம் நாள் அக்ஷயா எடுத்தாள். உச்சி வெயிலில் போய் இடம் பிடித்ததையும், இடம் போய்விடும் என்று அம்மா மோர்ப்பந்தலுக்குக்கூடப் போகாததையும் சொன்னாள். "அம்மா கோவமா இல்ல நைனா. பேசாம இருக்கறாங்க. டிவி சுவிச்சையே அணைச்சிட்டாங்க" என்றாள். கோபமாக இருந்தால் சமாளித்திருப்பேன் என்று வேங்கடாசலம் ராஜம்பேட்டைக்காரரிடம் சொன்னாராம். அந்த வாரம் சீரியலும் இல்லை, போனும் இல்லை. சீரியல் பார்க்கப் பொன்னியம்மா தம் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

வேங்கடாசலம் ரமணாவைப் போனில் பிடித்தார். ஜாத்திரையைத் திரும்பப் போடுவார்களா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போடுவார்கள், ஆனால் வெட்டிச் சுருக்கித்தான் போடுவார்கள் என்றார் ரமணா. சுருக்காமல் போட வேண்டும் என்று வேங்கடாசலம் கெஞ்சினார். காரணத்தைக் கேட்ட ரமணா, கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, சித்தூரில் சேனல் நடத்துகிறவரிடம் பேசினார். அந்த முனையில் எடுத்தது அத்தனையும் மத்தியானத்தில் ஓடும் என்று ஏற்பாடாயிற்று. ஆனால் குடிபாலா வீட்டில் சுவிட்ச் அணைந்திருந்தால் குவைத்தில் ஒன்றும் தெரியாது. அதற்கு ரமணாவால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

வேங்கடாசலம் சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை சுந்தராம்பாள் எடுத்தார்.

"நான் பாக்கல, சுந்தரா. மாத்திட்டேன். பொய் சொல்லிட்டேன்" என்றார். "நாளைக்கி மறுபடியும் போடறாங்க. சுவிச்ச மட்டும் போடு. வேற ஒன்னும் கேக்கல."

சுந்தராம்பாள் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குவைத்தில் போனைத் திறந்தபோது படம் தெரிந்தது. லோக்கல் சேனல்தான். வேங்கடாசலம் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்தார். சேலைக்கடை விளம்பரம் வந்தது. கோச்சிங் சென்டர் விளம்பரம் வந்தது. மறுபடி அதே சேலைக்கடை வந்தது. பழைய ஆலைக்காரர் மறுபடி நடந்து போனார். ராஜம்பேட்டைக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது. பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது விளம்பர இடைவேளைக்குப் பிறகு பாத்திரக்கடை முனை வந்தது. அக்ஷயா கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலூன் கொத்து. பலூன்களுக்கு நடுவில் ஒரு வளையல் கை வந்து அவற்றை விலக்கியது. சுந்தராம்பாளின் முகம் தெரிந்தது. பலூன்கள் திரும்ப வந்து மூடின. கை மறுபடி விலக்கியது. அவர் பலூன்காரரிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்லியிருப்பார் என்பது வேங்கடாசலத்துக்குச் சத்தம் இல்லாமலே விளங்கியது. பலூன்காரர் பதில் பேசினார். சுந்தராம்பாள் அந்தக் கொத்தையே பிடித்து இழுத்து ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு, நேராகக் கேமராவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி நின்றார். பிறகு கேமரா வேறு பக்கம் திரும்பிவிட்டது.

வேங்கடாசலம் அதற்கும் பிறகு கடைசி வரை பார்த்தார். ஒருவேளை இன்னொரு தடவை காட்டினால் விட்டுவிடக் கூடாது என்று பயம். முடிந்ததும் போன் போட்டார்.

"பலூன்காரன்கிட்ட சண்ட போட்டுக்கினு இருந்தே" என்றார்.

"பின்ன? நான் வந்து நின்ன எடத்துல அவன் வந்து நிக்கறான். சொன்னா, ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதான்றான்." ஒரு வாரத்துக் கதை அப்படியே கொட்டியது. முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார். "சேல நல்லா இருந்துச்சா?"

"பலூன் மறச்சிடுச்சி. பாதிதான் தெரிஞ்சுது."

சுந்தராம்பாள் சிரித்தார். பாதி தெரிந்ததே போதும், மீதியை நேரில் வந்து பார்த்துக்கொள் என்றார்.

அவர் தீபாவளிக்கு லீவில் வந்தார். வந்த மறுநாள் சுந்தராம்பாள் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தார். விருந்தாளிக்குக் காபி கொடுக்கிற மாதிரி ஒரு மரியாதைதான். சாயங்காலம் அவர் ஒரு சேனலில் நிற்காமல் சுற்ற ஆரம்பித்ததும், எழுந்து பொன்னியம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வேங்கடாசலம் தனியாகக் கொஞ்ச நேரம் செய்தியும் கிரிக்கெட்டும் பார்த்தார். பிறகு டிவியை அணைத்துவிட்டு அவரும் போய்ப் பொன்னியம்மா வாசலில் நின்றார்.

விமானத்தில் வந்ததில் இரண்டு நாள் கதை விட்டுப்போயிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டார். சித்தப்பா வீட்டை எழுதி வாங்கிவிட்டார் என்று பொன்னியம்மா சொன்னார். அது சித்தப்பா இல்லை, மாமனாருடைய தம்பி மாதிரி நடிக்கிற ஆள், போன மாசமே அதைக் காட்டிவிட்டார்கள் என்று வேங்கடாசலம் விளக்க ஆரம்பித்தார். அந்த ஆளின் முதல் மனைவி யார், அவள் எப்படிச் செத்தாள் என்பது வரை போனார்.

பொன்னியம்மா நாரைக் கூடையில் போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரு ஏசி ரிப்பேரு பாக்கத்தானே போனாரு?" என்று சுந்தராம்பாளிடம் கேட்டார்.

சுந்தராம்பாள் பாயில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.